கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? முதலில் சுவரைப் பாருங்கள்

குடியாத்தத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்கார அம்மா காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கி, மெயினைப் போட்டு, சிபியு பட்டனை அழுத்துவார். ஒன்றும் நடக்காது. மறுபடி அழுத்துவார். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு உள்ளே ஃபேன் ஒரு சுற்று அசைந்து நிற்கும். ஊதுவத்தி ஏற்றி, வாசல் தெளித்துவிட்டு வந்து அழுத்தினால் ஒழுங்காக ஓட ஆரம்பித்துவிடும். அதன்பின் இரவு கடை சாத்தும் வரை ஒரு குறையும் இருக்காது. பார்க்க வந்த ஒருவர், "மதர்போர்டு போச்சும்மா, மாத்தணும்" என்று விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நான் போய், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தேன். சுவர் கரண்ட்டைக் குறைத்துப் பாகங்களுக்குக் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் ஊதா நிற வயரில் 5 வோல்ட் இருக்க வேண்டும். 4.2 காட்டியது. எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் மாற்றினோம், மதர்போர்டு பிழைத்தது.

நடந்தது இதுதான். சிபியு அணைந்திருக்கும்போதும் சுவரில் கரண்ட் இருக்கும்வரை எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் ஒரு சின்ன பகுதி விழித்துக்கொண்டே இருக்கும். ஊதா வயரில் 5 வோல்ட் கொடுப்பது அந்தப் பகுதி. நாம் பட்டனை அழுத்துவதை மதர்போர்டு உணர்வதற்கே அந்த 5 வோல்ட் வேண்டும். அங்கே கரண்ட்டைத் தேக்கிச் சீராக்கும் கெப்பாசிட்டர் என்ற சின்ன பாகம் வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து உலர்ந்துவிட்டால், குளிர்ந்திருக்கும்போது வேலை செய்யாது. கரண்ட் பாய்ந்து கொஞ்சம் சூடேறினால் தற்காலிகமாகச் சரியாகும். அந்த அம்மா இரவில் மெயினை அணைத்துவிட்டுப் போவார். அதனால்தான் காலையில் மட்டும் தகராறு.

வீட்டு கம்ப்யூட்டரைத் தானே பார்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கும், சர்வீஸ் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றச் சொல்லாதீர்கள். பல வீடுகளில் அந்த ஒரு சிபியுவை நம்பித்தான் பிள்ளையின் படிப்பும் கடையின் வரும்படியும் இருக்கிறது.

ஆரம்பிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ் பெட்டியின் நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றி உள்ளே கை விடாதீர்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசி, உள்ளே சுமார் 325 வோல்ட் டிசியாகப் பெரிய கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கிறது. வயரைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் இருக்கும், சில பெட்டிகளில் நெடுநேரம் இருக்கும். கீழே சொல்லும் எல்லாச் சோதனையும் பெட்டியைத் திறக்காமலே செய்யக்கூடியவை.

சுவரிலிருந்து பின்பக்கம் வரை

சிபியு சத்தமே இல்லாமல் செத்துக் கிடந்தால், முதலில் அதே பிளக் பாயின்ட்டில் ஒரு டேபிள் ஃபேனையோ லைட்டையோ சொருகிப் பாருங்கள். செல்போன் சார்ஜர் போதாது. லூஸ் கனெக்‌ஷனிலும் அது வேலை செய்துவிடும். அடுத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் யு.பி.எஸ்ஸையும் ஒதுக்கிவிட்டு, சிபியு வயரை நேராகச் சுவரில் சொருகுங்கள். இந்த ஒரு வேலையிலேயே சிபியு உயிர் பெற்று எழுந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வயரையும் பாருங்கள். சிபியுவில் சொருகும் முனையின் துளைகள் பழுப்பேறியோ இளகியோ இருந்தால், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். பின்பக்க ஸ்விட்ச் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆஃப். வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது ஆஃப் ஆவது சாதாரணம்.

பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸாக இருந்தால் பின்னால் சிவப்பாக 115, 230 என்று எழுதிய ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது 230இல்தான் இருக்க வேண்டும். குழந்தைகள் அதைத் தள்ளிவிட்டு ஆன் செய்தால் உள்ளே மின்னழுத்தம் இரண்டு மடங்காகி, வெடிச் சத்தத்துடன் புகை வரும்.

எர்த்: நம் ஊரில் அதிகம் கவனிக்காத விஷயம்

"சிபியு மேல கை வச்சா ஜிவ்வுனு இழுக்குது" என்று யாராவது சொன்னால், எஸ்.எம்.பி.எஸ் லீக் ஆகிறது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸின் வாசலிலேயே, மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. ஒன்று ஃபேஸிலிருந்து பாடிக்கும், மற்றது நியூட்ரலிலிருந்து பாடிக்கும் போகிறது. வீட்டில் எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியாக வரும் துளி கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் பாடி 230இல் பாதியான 115 வோல்ட் அளவில் மிதந்து நிற்கும். தொட்டால் ஜிவ்வென்று இழுப்பது அதுதான். கரண்ட் மிகக் குறைவு என்பதால் பெரும்பாலும் சுருக்கென்பதோடு போய்விடும். ஆனால் உண்மையாகவே ஃபேஸ் வயர் பாடியில் பட்டிருந்தாலும் தொடக்கத்தில் இதே போலத்தான் தெரியும். அதனால் "எப்பவும் இப்படித்தான் இருக்கும்" என்று விடக்கூடாது.

ஆளுக்கு மட்டுமல்ல, மெஷினுக்கும் இதனால் கெடுதல். மிதக்கும் பாடியுள்ள சிபியுவில் பிரின்டரையோ டிவியையோ கேபிள் வழியாக இணைக்கும்போது, அந்த 115 வோல்ட் கேபிள் வழியே பாய்ந்து போர்ட் எரிந்துபோவதுண்டு. எர்த் இல்லாத வீட்டில் கேபிளை மாட்டும் முன் இரண்டையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவது நல்லது.

வேலூரில் வேலப்பாடி, கொசப்பேட்டைப் பக்கம் இருக்கும் பழைய வீடுகளில், மூன்று துளை சாக்கெட் இருந்தும் மேலே உள்ள பெரிய துளைக்கு வயரே போகாமல் இருப்பதைப் பார்க்கலாம். ஒரு வயர்மேனைக் கூப்பிட்டு மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே சுமார் 230 வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் போனால் எங்கோ குறை இருக்கிறது.

எர்த் குழி இருந்தாலும் நம் பாறை மண்ணில் கோடையில் அது காய்ந்துபோகும். உப்பும் கரியும் போட்ட குழியில் ஈரம் இருந்தால்தான் கரண்ட் மண்ணில் இறங்கும். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். செடிக்கு ஊற்றும்போதே எர்த் குழியின் பைப்பிலும் ஊற்றினால் போதும்.

செய்யவே கூடாத ஒன்றும் இருக்கிறது. எர்த் இல்லை என்பதற்காகச் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுபவர்கள் உண்டு. ஜிவ்வென்று இழுப்பது நிற்கும், உண்மைதான். ஆனால் என்றாவது நியூட்ரல் அறுந்தால், கேபினெட் பாடியில் முழு ஃபேஸும் வந்து நிற்கும். உயிர் போகும்.

நியூட்ரல் என்றதும் இன்னொன்று. தெருவில் நியூட்ரல் கட் ஆனால் சில வீடுகளில் லைட் மங்கும், சில வீடுகளில் கண் கூசும் அளவுக்கு எரியும். அப்போது 230க்குப் பதில் 400 வோல்ட் நெருக்கத்தில்கூட வரலாம். காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் மெயினை அணையுங்கள், பிறகு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது?

சுவர் சரி என்று தெரிந்த பிறகு சிபியுவிடம் வாருங்கள்.

எதுவுமே அசையவில்லை என்றால், மதர்போர்டில் சின்ன லைட் எரிகிறதா, நெட் கேபிள் சொருகும் இடத்தில் வெளிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஊதா வயரில் கரண்ட் வருகிறது. எஸ்.எம்.பி.எஸ் சில நேரம் தற்காப்புக்காகத் தானே பூட்டிக்கொள்ளும். அதனால் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, ஐந்து நிமிஷம் விட்டுவிட்டு மறுபடி சொருகிப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் பட்டனையே சந்தேகப்படலாம். மதர்போர்டில் பவர் ஸ்விட்ச் வயர் மாட்டியிருக்கும் இரண்டு பின்களையும், வயரை எடுத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொடுங்கள். ஆன் ஆனால் கெட்டது பட்டன்தான்.

ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றுவிட்டால் பெரும்பாலும் எங்கோ ஷார்ட். அப்படியானால் எஸ்.எம்.பி.எஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஹார்ட் டிஸ்க், டிவிடி, கிராபிக்ஸ் கார்டு, முன்பக்க யு.எஸ்.பி வயர் என எல்லாவற்றையும் கழற்றி, பிராசஸரும் ஒரே ஒரு ரேமும் மட்டும் வைத்துப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். பென் டிரைவை இழுத்து வளைத்துவிட்ட யு.எஸ்.பி போர்ட் ஒன்றே முழு சிபியுவையும் நிறுத்திவிடும்.

ஃபேன் ஓடுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்றால், ரேமைக் கழற்றி அதன் தங்கநிறக் காலை ரப்பரால் துடைத்து மாட்டுங்கள். பிராசஸருக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 பின் உள்ள தனி 12 வோல்ட் கனெக்டர் சொருகியிருக்கிறதா பாருங்கள். புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் மறப்பது இதைத்தான். தேதி, நேரம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால் அது எஸ்.எம்.பி.எஸ் கோளாறு இல்லை. மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரியை மாற்றினால் போதும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்து, கேம் ஆடும்போதோ வீடியோ எடிட் செய்யும்போதோ மட்டும் ரீஸ்டார்ட் ஆனால், அப்போது எஸ்.எம்.பி.எஸ் மேல் பலமான சந்தேகம் வைக்கலாம். விண்டோஸில் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவைப் பார்த்துவிட்டு பவர்தான் குறை என்று பலரும் முடிவுக்கு வருகிறார்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோனது என்று மட்டும்தான் அந்தப் பதிவு சொல்கிறது. கரண்ட் போனாலும், பிராசஸர் சூடாகி நின்றாலும், நீங்களே பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே 41தான் விழும்.

மீட்டரால் அளப்பது

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். கறுப்பு முனையை ஏதாவது ஒரு கறுப்பு வயரிலும், சிவப்பு முனையை அளக்க வேண்டிய நிறத்திலும், மதர்போர்டில் மாட்டியிருக்கும் 24 பின் கனெக்டரின் பின்புறமாகச் சொருகுங்கள்.

- மஞ்சள்: 12 வோல்ட். 11.40 முதல் 12.60 வரை சரி.
- சிவப்பு: 5 வோல்ட். 4.75 முதல் 5.25 வரை சரி.
- ஆரஞ்சு: 3.3 வோல்ட். 3.14 முதல் 3.47 வரை சரி.
- ஊதா: 5 வோல்ட், சிபியு அணைந்திருக்கும்போதும் இருக்க வேண்டும்.
- பச்சை: ஆன் ஆகும்போது பூஜ்யத்துக்கு அருகே இறங்க வேண்டும்.
- சாம்பல்: எல்லாம் சரி என்று எஸ்.எம்.பி.எஸ் சொல்லும் சிக்னல். ஓடும்போது 5க்கு அருகே இருக்கும்.

எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தனியாக ஓட்டிப் பார்க்க, மதர்போர்டிலிருந்து எல்லா கனெக்டரையும் கழற்றி, பழைய டிவிடி டிரைவ் ஒன்றை லோடாக மாட்டி, பச்சைக்கும் பக்கத்துக் கறுப்புக்கும் ஒரு துண்டு வயர் போட்டு, பிறகு சுவரில் சொருக வேண்டும். வயர் போடும்போது சுவரில் சொருகியிருக்கக் கூடாது. புது மாடல் சிலவற்றில் எல்லா வயரும் கறுப்பாகவே வரும். அதில் ஊகித்துக் குத்த வேண்டாம். கனெக்டரிலேயே மாட்டும் எஸ்.எம்.பி.எஸ் டெஸ்டர் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தனியாக ஓட்டும்போது 12.1 காட்டும் எஸ்.எம்.பி.எஸ், சிபியுவில் மாட்டி வேலை கொடுத்தால் 11.2க்கு விழும். பாரம் இல்லாத வண்டி மேட்டில் ஏறுவதை வைத்து எஞ்சினை மெச்ச முடியாது. எனவே சிபியு ஓடும்போதே அளவு எடுங்கள். பழைய டிரைவ்களுக்கு வரும் நான்கு பின் பெரிய கனெக்டர் ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருந்தால் அதில் மஞ்சளையும் கறுப்பையும் தொட்டு, கனமான வேலை ஒன்றைக் கொடுத்து, ஐந்து நிமிஷம் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எண் மெதுவாக இறங்கினாலும் குதித்தாலும் அந்தப் பெட்டி போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொன்று: மீட்டர் காட்டுவது சராசரி. 12 வோல்ட்டின் மேல் வேகமாக ஏறி இறங்கும் நடுக்கம் அதற்குத் தெரியாது. கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்களுக்கான ஏ.டி.எக்ஸ் என்ற பொது வரையறைப்படி அந்த நடுக்கம் 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டுக்கும், 5 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட்டுக்கும் மேல் போகக்கூடாது. உலர்ந்த கெப்பாசிட்டரில் அது எகிறும், மீட்டரோ 12.0 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அளவெல்லாம் சரியாக இருந்தும் ரீஸ்டார்ட் நிற்கவில்லை என்றால், நன்றாக ஓடும் வேறொரு எஸ்.எம்.பி.எஸ்ஸை இரண்டு நாள் மாட்டி ஓட்டிப் பாருங்கள்.

வெயிலும் தூசியும்

தண்ணீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று வேலூரைச் சொல்வார்கள். அந்த வறட்சி தரும் வெயிலும் தூசியும் சேர்ந்துதான் எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கொல்கின்றன. மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய அறைக்குள் சிபியுவைத் தள்ளி வைத்தால், உள்ளே இழுக்கும் காற்றே அதைவிடச் சூடாக இருக்கும். எஸ்.எம்.பி.எஸ்ஸில் உலர்ந்துபோகும் கெப்பாசிட்டர் 10 டிகிரி கூடுதல் சூட்டில் ஓடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது கணக்கு. மட்டமான பெட்டிகளில் 85 டிகிரிக்கான கெப்பாசிட்டர் போடுவார்கள், நல்லதில் 105. டேபிளின் பின்பக்கப் பலகையைக் கழற்றிவிடுங்கள். சுவருக்கும் சிபியுவுக்கும் நடுவே ஒரு சாண் இடம் விடுங்கள். இதற்குக் காசு செலவே இல்லை.

தூசி ஊருக்கு ஊர் வேறு. பழைய வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்தாலும், சிபியுவைத் திறந்தால் எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். குடியாத்தத்தில் தறி வீடுகளில் பஞ்சு இழை சேர்ந்து ஃபேன் கம்பியில் திரியாகத் தொங்கும். வாணியம்பாடி, ஆம்பூரில் தோல் வேலை நடக்கும் இடங்களிலிருந்து வருவதில் தோல் தேய்த்த பொடி கம்பளி மாதிரி படிந்திருக்கும். ஈரம் பட்டால் அது பசையாகிவிடும். ஊதினாலும் போகாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தறியோ தோலோ உள்ள இடத்தில் மாதம் ஒருமுறை, சிபியுவை வாசலுக்குக் கொண்டுவந்து ப்ளோயர் போடுங்கள். வயரைக் கழற்றிவிட்டு, எஸ்.எம்.பி.எஸ் ஃபேனின் இறக்கையை ஒரு தீக்குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் தன் அளவுக்கு மேல் சுற்றி பேரிங் போய்விடும்.

கரண்ட் போகும்போது

மாதாந்திரப் பராமரிப்புக்கு அறிவித்து நிறுத்தும் நாளில் சிபியு, மானிட்டர் வயர்களைப் பிடுங்கி வையுங்கள். கரண்ட் திரும்பி வரும் முதல் சில நிமிஷத்தில்தான் வோல்டேஜ் அதிகம் ஆடும். கோடை இடிமழைக்கு நெட் கேபிளையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும்.

யு.பி.எஸ் இருந்தும் கரண்ட் போனதும் ரீஸ்டார்ட் ஆகிறது என்பது அடிக்கடி வரும் புகார். நம் ஊர் மின்சாரத்தில் ஒரு அலை 20 மில்லிசெகண்ட். நல்ல எஸ்.எம்.பி.எஸ் கரண்ட் இல்லாமலே சுமார் 16 மில்லிசெகண்ட் தாங்கும். சாதாரண யு.பி.எஸ் 10 மில்லிசெகண்டுக்குள் பேட்டரிக்கு மாறிவிடும். அந்த யு.பி.எஸ்ஸில் வேறொரு சிபியுவை மாட்டிப் பாருங்கள். அது அசையாமல் ஓடினால் உங்கள் எஸ்.எம்.பி.எஸ்ஸின் பெரிய கெப்பாசிட்டர் தளர்ந்துவிட்டது. அதுவும் ரீஸ்டார்ட் ஆனால் யு.பி.எஸ் பேட்டரியைப் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள், பின்னால் யு.பி.எஸ் மோடுக்கான ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டுவிட்டுச் சோதியுங்கள்.

புதிது வாங்கும்போது

பெட்டியின் மேல் பெரிதாக எழுதிய வாட்டை நம்பாதீர்கள். ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்குக் கீழே எத்தனை ஆம்ப் என்று பார்த்து, 12ஆல் பெருக்குங்கள். 450 வாட் என்று எழுதியிருக்கும் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்ப் என்று இருந்தால், கிடைப்பது 168 வாட்தான். இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஆபீஸ் சிபியு முழு வேலையிலும் 100 வாட்டைச் சுற்றித்தான் இழுக்கும். அதற்கு 750 வாட் தேவையில்லை, உண்மையான 300, 400 வாட் போதும்.

கிராபிக்ஸ் கார்டு போட்டால் கணக்கு மாறும். கார்டைச் சொருகும் மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் தரும். 6 பின் வயர் இன்னொரு 75, 8 பின் வயர் 150. அந்த வயர் எஸ்.எம்.பி.எஸ்ஸிலேயே இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் வயரை 8 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் இளகி எரிந்துவிடும்.

80 பிளஸ் முத்திரை 2004இல் வந்தது. கரண்ட்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான அளவு அது. வீணாகும் கரண்ட் சூடாகத்தான் மாறும் என்பதால், வேலூர் வெயிலில் அது ஆயுளுக்கும் உதவும். ஆனாலும் உத்தரவாதம் எத்தனை வருஷம், அதை வேலூரிலேயே மாற்றித் தருவார்களா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டி முடித்ததும், முழு வேலை கொடுத்து 12 வோல்ட் அளவை எடுங்கள். அந்த எண்ணையும் தேதியையும் மார்க்கர் பேனாவால் கேபினெட்டின் உள்பக்கம் எழுதிவையுங்கள். அடுத்த கத்திரி வெயிலில் அதே வேலையைக் கொடுத்து மறுபடி அளந்து, பக்கத்திலேயே எழுதுங்கள்.